பூரணியின் ஓட்டமும் என் கவ்வாத்து அளவும்

கல்லுமலைத் தோட்டம்,
றொசல்ல.
26.01.2025

மகள் தனுஜாவுக்கு,

போன் இருக்கும்போது அப்பாவுக்கு எதற்கு இந்தக் கடுதாசி வேலை என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு வாசி. நம் தோட்டத்தில் போனுக்கு லைன் கிடைக்கிற ஒரே இடம் பெரட்டுக்களத்துப் பாறைதான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க அத்தனை பேரும் அங்கேதான் கூடுகிறார்கள். சாயந்திரம் வேலை இல்லாமலும் அங்கேதான் கூடுகிறார்கள். அந்தப் பாறையில் நின்று நான் "ஹலோ" என்றால் பக்கத்து டிவிசனில் யாராவது "சொல்லுங்க" என்கிறான். இப்போது நான் உன்னிடம் கேட்கப் போகிற சாமானை அங்கே நின்று கேட்டால், நாளைக்குத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு நான் வேறு தோட்டம் பார்த்துத்தான் போக வேண்டும்.

முதலில் நல்ல சேதி. உன் அம்மா ஓடுகிறாள். பதறாதே, என்னை விட்டு இல்லை. அதற்கு வந்த நல்ல சந்தர்ப்பங்களை எல்லாம் அவள் எப்போதோ கோட்டைவிட்டுவிட்டாள். பந்தயத்துக்கு ஓடுகிறாள்.

பொங்கல் விளையாட்டில் கலியாணமான பெண்களுக்கு ஓட்டம் வைத்தார்கள். ஒரு ஆள் குறைகிறது என்று பாலர் பாடசாலை சிசிலி டீச்சர் சத்தம் போட, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த உன் அம்மா கேத்தலை என் கையில் கொடுத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றாள். விசில் ஊதினார்கள். நான் கேத்தலுக்கு மூடியைத் தேடி எடுத்து நிமிர்வதற்குள் உன் அம்மா அந்தப் பக்கத்துக் கயிற்றை அறுத்துவிட்டாள்! பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவளைவிட இளசுகள். இருக்காதா பின்னே? இத்தனை வருசம் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கிய கால்.

மகளிர் தினத்தை ஒட்டி மார்ச் ஒன்பதாம் திகதி அட்டனில் பெண்களுக்கு ஐந்து கிலோமீற்றர் ஓட்டம் வைக்கிறார்களாம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பரிசு. டீச்சர் பேர் கொடுத்துவிட்டார். தினமும் சாயந்திரம் தேயிலை ஸ்டோர் ரோட்டில் அவளும் டீச்சரும் ஓட்டம். நான் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு நடை. சந்தோசத்தில் எனக்கே ஒரு சுற்று இளைத்துவிட்டது.

இப்போது கெட்ட சேதி. போன கிழமை பாதி ஓட்டத்தில் நின்று, இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். "நெஞ்சு வலிக்குது" என்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. அங்கேயே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உள்ளே போனவள் நர்சம்மாவோடு சிரித்துக்கொண்டே வெளியே வருகிறாள்.

"என்னா சொன்னாங்க?"

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாததுக்கா கதவ சாத்திக்கிட்டு சிரிச்சீங்க?"

"இருதயம் நல்லா இருக்காம். மத்ததுதான் சரியில்ல."

"மத்ததுன்னா?"

"அட, ஒங்ககிட்ட எப்பிடிங்க சொல்றது! ஓடுறப்ப குலுங்குது. வலிக்குது. கையால அணைச்சிக்கிட்டு ஓடுனா ஓட்டம் வரல. கைய விட்டுட்டு ஓடுனா ரோட்டுல நிக்கிறவனுக கண்ணு வருது. போதும்ங்க. பேர வெட்டச் சொல்லப்போறேன்."

வீடு வரும்வரை ஆட்டோக்காரரிடம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மழையே இல்லை.

ஓடுகிற பெண்களுக்கென்று தனியாக ஒரு உள்சாமான் இருக்கிறதாம், நர்சம்மா சொன்னாராம். நீ வெள்ளவத்தையில் துணிக்கடையில் நிற்கிற பிள்ளை. உனக்குத் தெரியும். ஒன்று எடுத்து அனுப்பு. அம்மாவின் டீசேட் எக்ஸ்எல். அதற்குமேல் கொஞ்சம் பெரிதாகவே எடு, ரெண்டு வருசம் கிடக்கும். அவள் பேரை வெட்டுவதற்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

உன் அப்பா,
பழனியாண்டி

வெள்ளவத்தை,
31.01.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடைக்குப் பின்னால் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று உங்கள் கடிதத்தை வாசித்தேன். அம்மா கயிற்றை அறுத்த இடம் வந்ததும் கத்திவிட்டேன். மேலாளர் எலி என்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடி வந்தார்.

அன்றைக்கே போன் எடுத்தேன். அம்மா பாறையில் நின்றுகொண்டு, "நல்லாதான் இருக்கேன் பாப்பா, மழ பெய்யுது, வச்சிருறேன்" என்றார். பக்கத்தில் நாலு பேர் இருமுகிற சத்தம் கேட்டது. நீங்கள் ஏன் கடிதம் எழுதினீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

அப்பா, அந்தச் சாமானுக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் பிரா. அதை எழுதினால் உங்கள் பேனா கரைந்துபோகாது.

நான் இளைஞர் கழகத்து வலைப்பந்து அணியிலிருந்து ஏன் விலகினேன் என்று உங்களுக்குத் தெரியுமா? கொழும்பு வேலை கிடைத்ததால் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே விலகிவிட்டேன். காரணம் இதுதான். குதித்துப் பந்து பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் வலி, கூச்சம். அம்மாவிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் அம்மா விஷயத்தில் அது நடக்க விடமாட்டேன்.

டீசேட் அளவை வைத்து இதை எடுக்க முடியாது. பெரிதாக எடுக்கவும் கூடாது! தொளதொளவென்று இருந்தால் போட்டும் ஒன்று, போடாமலும் ஒன்று. மார்புக்குக் கீழே சுற்றி வருகிற பட்டிதான் பாரத்தைத் தாங்குகிறது. தோள்பட்டி சும்மா துணைக்கு. கூடைக் கயிறு தலையில் இருந்தாலும் பாரத்தை முதுகு தாங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் கீழ்ப்பட்டி சரியாக இருக்க வேண்டும்.

இரண்டு அளவு வேண்டும். மார்புக்கு நேர் கீழே, மூச்சை விட்ட பிறகு, டேப்பை இறுக்கமாகப் பிடித்து ஒரு அளவு. மார்பின் எடுப்பான இடத்தில், இறுக்காமல் ஒரு அளவு. டேப் முதுகுப் பக்கம் இறங்காமல் நேராக நிற்க வேண்டும். மெல்லிய துணிக்கு மேல்தான் எடுக்க வேண்டும். அம்மாவே எடுக்கட்டும், இல்லாவிட்டால் டீச்சர் எடுக்கட்டும். உடனே எழுதுங்கள்.

தனுஜா

கல்லுமலைத் தோட்டம்,
05.02.2025

மகளே,

ஸ்போர்ட்ஸ் பிரா. ஸ்போர்ட்ஸ் பிரா. ஸ்போர்ட்ஸ் பிரா. பார், மூன்று தரம் எழுதிவிட்டேன். பேனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் காது சுடுகிறது.

வலைப்பந்து விஷயத்தைப் படித்துவிட்டுக் கடுதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அன்றைக்கு நான் வெட்டிய செடிகளைப் பார்த்து, வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா, "என்னா பழனியாண்டி, இன்னைக்கி செடி எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சி நிக்கிது?" என்றார். மனசு சாய்ந்து நின்றது, அவருக்கு எப்படித் தெரியும்.

சரி, வேலைக்கு வருகிறேன். அளவு எடுத்தாகிவிட்டது. கீழே நாற்பது அங்குலம், மேலே நாற்பத்தாறு. எப்படி எடுத்தீர்கள் என்று கேட்காதே. அளவெடுப்பதில் உன் அப்பனை மிஞ்ச இந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. இத்தனை வருசமாக ஒவ்வொரு தேயிலைச் செடியையும் அளந்துதான் வெட்டுகிறேன்.

அம்மாவிடம் நீ ஒரு பரிசு அனுப்புகிறாய் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பேர் வெட்டுகிற வேலையை அதுவரை தள்ளி வைத்திருக்கிறாள். சாயந்திரம் டீச்சர் மட்டும் ஓடுகிறார். அம்மா லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று, ரோட்டையே பார்த்துக்கொண்டு அரிசி புடைக்கிறாள். கல் எல்லாம் சோற்றில் வருகிறது. சீக்கிரம் அனுப்பு, என் பல்லாவது மிஞ்சட்டும்.

அப்பா

வெள்ளவத்தை,
11.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் போட்டுவிட்டேன். கனமான ஓட்டத்துக்கென்றே தைத்தது, இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளும். அகலமான தோள்பட்டி, பின்னால் கொக்கி, வியர்வை சட்டென்று காய்கிற துணி. அம்மா சந்தையில் வாங்குகிற பருத்திப் பாடி நனைந்தால் நனைந்தபடியே கிடந்து உராயும், அது ஓட்டத்துக்கு ஆகாது.

ஆனால் உங்கள் அளவு எனக்கு உறுத்துகிறது. தீபாவளிக்கு நான் கட்டிப்பிடித்த அம்மா இவ்வளவு பெரிய ஆள் இல்லையே? மூன்று மாதத்தில் என்ன சாப்பாடு போட்டீர்கள்?

போட்டுப் பார்க்கும்போது அம்மா இதையெல்லாம் செய்யச் சொல்லுங்கள். புதிதில் கடைசிக் கொக்கியில், அதாவது தளர்வான கொக்கியில் மாட்ட வேண்டும். நாள்பட லாஸ்டிக் தளரும்போது உள்ளே உள்ள கொக்கிக்குப் போகலாம். கீழ்ப்பட்டிக்குள் இரண்டு விரல் போக வேண்டும், அதற்குமேல் போகக் கூடாது. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் பட்டி மேலே ஏறக் கூடாது. துணி சுருங்கி நின்றால் பெரிது. மேலேயோ பக்கத்திலோ பிதுங்கினால் சிறிது. நன்றாக மூச்சு இழுக்க முடிய வேண்டும். பிறகு குதிக்க வேண்டும். நின்ற இடத்தில் ஓட வேண்டும். இது முக்கியம்.

இன்னொன்று, அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போடாதீர்கள். சூட்டில் லாஸ்டிக் செத்துப்போகும்.

தனுஜா

கல்லுமலைத் தோட்டம்,
19.02.2025

மகளே,

இந்தக் கடுதாசியை நான் உட்கார்ந்து எழுதவில்லை. உன் அம்மா இருக்கிற பக்கம் நான் உட்காருவதில்லை.

பார்சல் வந்தது. தோட்டத்துத் தபால் எல்லாம் ஒப்பீசுக்குத்தானே வருகிறது. கணக்கப்பிள்ளை ஜெயகாந்தன் அதைப் பெரட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். மழையில் மேல்தாள் கிழிந்து, உள்ளே இருந்த உங்கள் கடைப் பை வெளியே தெரிகிறது. பையில் ஒரு வெள்ளைக்காரி, அந்தச் சாமானை மட்டும் போட்டுக்கொண்டு ஓடுகிற படம். ஆள் எல்லாம் வரிசையாக நிற்கிறது. அவன் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "பழனியாண்டிண்ணே! ஒங்களுக்கு கொழும்புல இருந்து ஒரு வெள்ளக்கார நோனா வந்திருக்காங்க!" என்றான்.

எனக்கு வாயில் என்ன வந்தது தெரியுமா? "அது கவ்வாத்துக் கத்திக்கு உறைடா" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அழகுமுத்து மச்சான், "கத்திக்கு எதுக்கு மச்சான் ரெண்டு உறை?" என்றான். பெரட்டே சிரித்தது. உன் அம்மாவும் அந்த வரிசையில்தான் நின்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

இது பாதிக் கதை. மீதியையும் கேள்.

வீட்டில் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு, மேலே டீசேட்டும் மாட்டிக்கொண்டு வந்தாள். கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். பட்டி கழுத்துக்கு வந்து நின்றது. குதிக்கச் சொன்னேன். குதித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது எனக்கு எடுத்ததா, இல்ல நம்ம லயத்துக்கே சேர்த்து எடுத்ததா?"

நான் உன் கடுதாசியை எடுத்து, கொக்கி பற்றி எழுதிய இடத்தைத் தேடினேன்.

"அளவு யாரு குடுத்தது?"

"நான்தான்."

"என்னைய எப்ப அளந்தீங்க?"

இப்போது உனக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மலையிலிருந்து அவள் வந்து, குளிரில் கம்பளிச் சுவெட்டரோடு அடுப்படியில் குந்தியிருந்தாள். "முதுகுல அட்ட ஏறுது, அசையாத" என்று சொல்லிக் கூடைக் கயிற்றால் சுற்றிக் கீழே ஒரு பிடி, மேலே ஒரு பிடி பிடித்தேன். பிறகு அந்தக் கயிற்றைக் கவ்வாத்துக் குச்சியில் வைத்து அளந்தேன். அந்தக் குச்சியில்தான் செடியின் உயரத்துக்கு அங்குலம் வெட்டி வைத்திருக்கிறேன். அதற்கு மேலே இரண்டு அங்குலம் சேர்த்தேன். நாம் தீபாவளிக்குச் சட்டை எடுத்தால் எப்போதும் அப்படித்தானே? உனக்குக்கூட ஆறாம் வகுப்பில் எடுத்த வெள்ளைச் சட்டை எட்டாம் வகுப்பில்தான் அளவாக வந்தது. கவ்வாத்து வெட்டுகிறவன் புத்தி அது. எதை வெட்டினாலும் வளரும் என்று நினைப்பான்.

உன் அம்மா அடுத்த நாளே சிசிலி டீச்சரிடம் போய், "பேர வெட்டிருங்க டீச்சர். இவுரு பண்ண கூத்துக்கு நான் ரோட்டுல நடக்குறதே பெரிசு" என்று சொல்லிவிட்டாள். மாசக் கடைசிவரை பேரை வெட்ட மாட்டேன் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

நீ ஏதாவது செய் மகளே. சின்னதாக இன்னொன்று அனுப்பு. இந்தத் தடவை சரியாக அளந்து எழுதுகிறேன், சத்தியமாகச் சுவெட்டர் இல்லாமல்.

அப்பா

வெள்ளவத்தை,
23.02.2025

அப்பா,

அனுப்ப மாட்டேன்.

ஓடப்போவது அம்மா. வலி அம்மாவுக்கு. கேட்டது நீங்கள், அளந்தது நீங்கள், எடுத்தது நான். அம்மாவின் உடம்பைப் பற்றி நாம் இரண்டு பேரும் இத்தனை கடிதம் எழுதியிருக்கிறோம், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? அட்டை ஏறுகிறது என்று பொய் சொல்லித்தான் அளக்க முடிந்ததா உங்களால்? எனக்கும் வெட்கமாக இருக்கிறது. துணிக்கடையில் நிற்கிற நானே ஆளைப் பார்க்காமல் எடுத்து அனுப்பினேனே.

ஸ்டேசனுக்குப் போய்க் கோச்சி ஏறி அம்மாவை அட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண் பிள்ளைகள் நிற்கிற, போட்டுப் பார்க்க அறை உள்ள கடையாகப் பாருங்கள். அம்மா உள்ளே போகட்டும். எத்தனை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கட்டும். உள்ளே குதிக்கட்டும், ஓடட்டும், குனியட்டும். எதை எடுப்பது என்று அம்மா சொல்லட்டும். நீங்கள் வெளியே நில்லுங்கள். வாயைத் திறக்காமல்.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் கொடுங்கள். நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும்.

தனுஜா

கல்லுமலைத் தோட்டம்,
02.03.2025

மகளே, மகளே, மகளே!

நேற்று அட்டன் போய் வந்தோம். ராத்திரி எழுத உட்கார்ந்தேன், சந்தோசத்தில் எழுத்து ஓடவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

உன் கடுதாசியையும், சட்டைப்பையில் இருந்த அந்த வலைப்பந்துக் கடுதாசியையும் கொடுத்தேன். அவள் அடுப்படியில் நின்று வாசித்தாள். திரும்ப மேலேயிருந்து வாசித்தாள். "எம் புள்ளைக்கும் இப்பிடி வலிச்சிருக்கு. நான் பக்கத்துலயே படுத்திருந்திருக்கேன்" என்றாள். காலையில் பார்த்தால் நல்ல சேலை கட்டி, தலை வாரி, வாசலில் நிற்கிறாள். "கோச்சி போயிரும், வாங்க."

கோச்சியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அட்ட இருக்கா?" என்றாள். பக்கத்தில் இருந்த ஆள் தன் காலைத் தூக்கிப் பார்த்தான்.

கடையில் ஒரு சிங்களப் பிள்ளை நின்றாள். நான் கதவுக்கு வெளியே குடைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். நீ சொன்னபடி வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை, கண்ணாடி வழியாகச் சிவப்பில் பூ வேலை போட்ட ஒன்றைக் காட்டி, அது அழகாக இருக்கிறதே என்று கையால் சாடை செய்தேன். உன் அம்மா பார்த்த பார்வையில் குடை எல்லாம் தானாக விரிந்தது.

அந்தப் பிள்ளை டேப்பை எடுத்து அம்மாவைச் சுற்றி அளந்தது. கம்பளி இல்லை, கயிறு இல்லை, குச்சி இல்லை. கீழே முப்பத்தாறு. நான் எழுதியது நாற்பது! அந்த நாலு அங்குலத்தில் இரண்டு சுவெட்டர், இரண்டு என் கொழுப்பு.

முதலாவது போட்டுப் பார்த்துவிட்டு, "மூச்சு முட்டுது" என்றாள். அடுத்தது தோளில் வெட்டியது. இன்னொன்று குனிந்தால் பிதுங்கியதாம். நானாக இருந்தால் முதலாவதையே கட்டிக்கொண்டு வந்திருப்பேன், கடைக்காரர் முகம் கோணக் கூடாது என்று. அவள் அசையவில்லை. திரும்பத் திரும்ப உள்ளே போனாள். கொழுந்து எடுக்கிறவள் இல்லையா, முற்றல் இலை கைக்கு வந்தால் கூடையில் போடமாட்டாள்.

பிறகு உள்ளே இருந்து அந்தப் பிள்ளையின் சத்தம் கேட்டது. "அக்கே, பனின்ன!" குதிங்க அக்கா என்று சொல்கிறாள். தொம் என்று ஒரு சத்தம். திரும்ப, "தவ பனின்ன!" தொம், தொம். அப்புறம் நின்ற இடத்திலேயே ஓடுகிற சத்தம். பலகைத் தரை அதிர்ந்து, எனக்குப் பக்கத்தில் நின்ற பொம்மையின் தொப்பி கழன்று விழுந்தது. கடை முதலாளி என்னைப் பார்த்தார். "நம்ம சம்சாரம்தான்" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தைப் பார்க்க வேண்டுமே நீ! இரண்டு கையையும் ஓடுகிற மாதிரி முன்னும் பின்னும் வீசிக் காட்டினாள்.

"அசையலங்க!"

"என்னா?"

"அசையல! வலிக்கல! இதுதான். கருநீலம். இத எடுப்போம்."

கோச்சியில் வரும்போது அந்தப் பையை என் கையில் தரவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள். றொசல்லயில் இறங்கினதும் நேராக டீச்சர் வீட்டுக்குப் போய், "டீச்சர், என் பேரு இருக்கா, வெட்டிட்டீங்களா?" என்றாள். வெட்டுவதற்கு டீச்சர் பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லையாம்.

இன்றைக்குக் காலையில் ரோடு மலை ஏறத் தொடங்குகிற இடம் வரை ஓடிவிட்டு வந்தாள். துவைத்து, அடுப்புக்கு மேலே இல்லாமல், வாசல் பக்கத்தில் காற்றில் போட்டிருக்கிறாள். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டுமாம்.

அப்பா

வெள்ளவத்தை,
05.03.2025

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

ஞாயிறு லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. நோன்புப் பெருநாள் சீசனாம். அழுகை வந்தது. இந்தக் கடிதம் ஓட்டத்துக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று தபாற்கந்தோருக்கு ஓடிப்போய்ப் போடுகிறேன்.

அம்மா, புது உடுப்பைப் போட்டு இரண்டு மூன்று நாளாவது ஓடிப் பழகுங்கள். எங்கேயாவது உராய்ந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். இறக்கத்தில் பயப்படாதீர்கள். முன்னெல்லாம் இறக்கத்தில்தானே கூடுதலாக வலித்திருக்கும்? இப்போது கையை விட்டுவிட்டு ஓடலாம்.

அப்பா, நீங்கள் கண்ணால் பார்த்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும். நான் இங்கே உடுப்பு மடித்துக்கொண்டு, அந்த நேரம் முழுக்க உங்களோடுதான் ஓடுவேன்.

தனுஜா

கல்லுமலைத் தோட்டம்,
10.03.2025

மகளே,

இரண்டாவது! நாற்பதுக்கு மேற்பட்டவர்களில் இரண்டாவது! உடப்புசல்லாவைப் பக்கத்துப் பெண் ஒருத்தி முதலாவது. அவள் மான் மாதிரி. அவளைப் பற்றி உன் அம்மாவே, "அவ ஓடல, பறக்குறா" என்கிறாள்.

நீ கேட்டபடி எழுதுகிறேன். மைதானம் முழுக்கப் பெண்கள். மழைத் தூறல். உன் அம்மா டீச்சர் கொடுத்த நீளக் காற்சட்டையும் டீசேட்டும் போட்டு, நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு நின்றாள். பேர் கொடுக்காத நான்தான் இரண்டு தரம் செருப்பு வாரை இறுக்கிக்கொண்டேன். விசில் ஊதியதும் ரோட்டோரமாக நானும் கூடவே ஓடினேன், போனில் படம் பிடித்துக்கொண்டு. அந்தப் படத்தை நேற்று ராத்திரி போட்டுப் பார்த்தோம். முதல் பாதி என் பெருவிரல். மறுபாதி வானம். நடுவில் ஒரு "ஐயோ". அது நான் ரோட்டோர வாய்க்காலுக்குள் விழுந்த இடம்.

எழுந்து குறுக்குப் பாதையால் இறங்கி, கடைசி வளைவுக்கு வந்து நின்றேன். அங்கேதான் பெரிய இறக்கம். பெண்கள் எல்லாம் அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கிறார்கள். சில பேர் கையைக் கொண்டுபோய் மார்பில் கட்டிக்கொள்கிறார்கள். இத்தனை நாள் ரோட்டில் நின்று எத்தனை ஓட்டம் பார்த்திருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை.

உன் அம்மா மேலே தெரிந்தாள். ஆறாவதோ ஏழாவதோ. இறக்கத்தைப் பார்த்தாள். அவள் கை ஒரு தடவை மேலே எழும்பியது, பழைய பழக்கம். மார்பு வரைக்கும் போன கை அங்கே நிற்கவில்லை மகளே. அப்படியே பின்னால் போனது. வீசிக்கொண்டு இறங்கினாள்! ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள். என் பக்கத்தில் வந்தபோது நான் "பூரணி! பூரணி!" என்று கத்துகிறேன். "தள்ளுங்க!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கலியாணமான நாள் முதல் அவள் என்னிடம் சொன்ன வார்த்தைகளில் அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

முடிகிற கோட்டில் போய்ப் பார்த்தேன். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்குகிறது. என் கால் எல்லாம் சேறு. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்கப் போனேன், அவளே நிமிர்ந்தாள்.

"ரோடு தானா கீழ போற மாதிரி இருந்துச்சுங்க" என்றாள். அப்புறம் அழுதாள். அப்புறம் என் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

இன்றைக்குக் காலைப் பெரட்டில் கைதட்டினார்கள். நான்தான் முதலில் தட்டினேன், அதை நீ நம்புவாய். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். மத்தியானம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்ததும் அம்மாவைச் சுற்றி ஒரு கூட்டம். மெடலைக் கேட்கிறார்கள் என்று நினைத்து நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். மீனம்மா மதினி என்னைத் தள்ளிவிட்டு, "அது கெடக்கட்டும் தம்பி. பூரணி, எனக்கு மலையில எறங்குறப்பயே வலிக்குது. ஓடணும்னு இல்ல. எனக்கும் ஒன்னு பாரு" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

சாயந்திரம் புள்ளைக்காம்பராவில், பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியபிறகு, சிசிலி டீச்சர் தையல் டேப்போடு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரையும் அளக்கிறார்கள். உன் அம்மா உள்ளே இருந்து சத்தம் போடுகிறாள்: "சுவெட்டர கழட்டு! மூச்ச விடு! பெரிசா எடுக்கலாம்னு எவளும் சொல்லாதீங்க, அது அவரு கணக்கு!" உள்ளே ஒரே சிரிப்பு. என்னைப் பற்றித்தான். பரவாயில்லை.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். வாசலில் குடை பிடித்துக்கொண்டு நிற்பது, ஆம்பளைகள் யாரும் அந்தப் பக்கம் வராமல் பார்ப்பது, உள்ளே இருந்து குரல் வந்ததும் அடுத்த ஆளைக் கூப்பிடுவது. இந்தக் கடுதாசியையே குடைக்குள் நின்றுதான் எழுதுகிறேன். மழை பிடித்துக்கொண்டது. ரோட்டு வளைவு வரைக்கும் வரிசை நிற்கிறது. உள்ளே அம்மா கூப்பிடுகிறாள்.

"என்னாங்க! தூங்கிட்டீங்களா? அடுத்த ஆள்!"

போகிறேன்.

அப்பா